அடுத்த அடி அவர்களிடம் இருக்கிறது

நீங்கள் கேட்டது மூன்று விஷயம். அம்மாவுக்கு அல்சைமர் என்று தெரிந்து நான்கு வருடம் ஆகிறது, அவர் தூங்கிய பிறகு ஒரு நோட்டில் கவிதை மாதிரி ஏதோ எழுத ஆரம்பித்திருக்கிறீர்கள், அவருடைய துன்பத்தை வைத்து நாம் எழுதுவது சுயநலமா என்று உறுத்துகிறது. இரண்டாவது, ஒரு காலத்தில் பாட்டுப் பாட்டாக மனப்பாடமாகச் சொன்னவர் அம்மா, அதையெல்லாம் திரும்பச் சொல்லவைத்தால் நினைவு மீளுமா. மூன்றாவது, பேச்சே நின்றுபோன பிறகு என்ன செய்வது.

நான் மருத்துவர் இல்லை. அப்பாவை இந்த நோயோடு ஒன்பது வருடம் பார்த்துக்கொண்டேன். அவர் போன பிறகு, வீட்டில் மறதி நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்களோடு உட்கார்ந்து எழுதுவதும் வாசிப்பதுமாகப் பல வருடங்கள் ஓடிவிட்டன. அந்த அனுபவத்தில் இருந்தும், கொஞ்சம் படித்ததில் இருந்தும் சொல்கிறேன்.

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதில்தான் நிறையப் பேர் மனம் உடைந்துபோகிறார்கள். நினைவு மீளாது. கவிதை இந்த நோயை நிறுத்தாது, அதன் வேகத்தையும் குறைக்காது. வேகத்தைக் குறைப்பது பற்றிப் பேசுவதென்றால் அது மருந்துகளின் பக்கம். லெக்கனிமாப் என்ற மருந்துக்கு 2023இல் அமெரிக்காவில் முழு அனுமதி கிடைத்தது, அதுவும் ஆரம்பக் கட்டத்தில் இருப்பவர்களுக்குத்தான், அது வேகத்தைக் குறைப்பதும் கொஞ்சம்தான். அதை நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள். கவிதையிடம் அதைக் கேட்டால், அம்மா ஒரு அடியைச் சரியாகச் சொன்ன நாளில் தலைகால் புரியாமல் சந்தோஷப்பட்டு, அடுத்த நாள் சொல்லாதபோது அழுவீர்கள். நான் அப்படி ஒரு வருடத்தை வீணாக்கினேன். "அப்பா, இது யார் எழுதின பாட்டு, சொல்லுங்க பார்ப்போம்" என்று தினமும் கேட்டேன். பாட்டு சொல்லித்தருகிறோம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன், அவருக்கு அது பரீட்சை. தினமும் தோற்கிற பரீட்சை. என்ன கேட்டோம் என்பது அவருக்கு மறந்துவிடும், தோற்றுப்போன அவமானம் மட்டும் முகத்தில் மதியம்வரை இருக்கும். நிகழ்ச்சி மறந்துபோன பிறகும் அது உண்டாக்கிய உணர்ச்சி தங்கிவிடுகிறது என்பதை இந்த நோயைப் பக்கத்தில் இருந்து பார்த்த யாரும் சொல்வார்கள்.

சரி, அப்படியென்றால் பாட்டால் என்ன பயன்?

இந்த நோயில் பெரும்பாலும் முதலில் அடிபடுவது மூளையின் உட்புறத்தில் இருக்கும் ஹிப்போகாம்பஸும் அதை ஒட்டிய பகுதிகளும். புதிதாக நடப்பதைப் பதிந்துவைக்கிற இடம் அது. செல்களுக்கு வெளியே அமிலாய்டு என்ற புரதம் படிந்து, உள்ளே டாவ் என்ற இன்னொரு புரதம் முறுக்கிக்கொண்டு, அந்த இடம் மெல்லச் செயல் இழக்கிறது. அதனால்தான் ஐந்து நிமிடத்துக்கு முன் சாப்பிட்டது தெரியாது, ஆனால் ஐம்பது வருடத்துக்கு முன் படித்தது தெரிகிறது. புதியது முதலில் போகும், பழையது கடைசியில் போகும் என்று பிரெஞ்சு உளவியலாளர் தியோதூல் ரிபோ 1881இலேயே எழுதிவைத்தார். அதோடு, திரும்பத் திரும்பச் சொல்லி நாக்குக்குப் பழகிப்போன வரிசைகளும், தாளத்தோடு சேர்ந்தவையும், மூளையின் வேறு பகுதிகளின் துணையில் ஓடுகின்றன. அந்தப் பகுதிகள் பெரும்பாலும் பிந்தித்தான் பாதிக்கப்படுகின்றன. கதை அறுந்துவிடுகிறது; யார், எப்போது, அப்புறம் என்ன நடந்தது என்கிற கோவை போய்விடுகிறது. ஓசை இருக்கிறது, உணர்ச்சி இருக்கிறது, இந்தக் கணம் இருக்கிறது. கவிதைக்கு வேண்டியது இவ்வளவுதானே. நாவல் படிக்க முந்தின அத்தியாயம் நினைவிருக்க வேண்டும், நான்கு அடிப் பாட்டுக்கு வேண்டாம். அம்மாவிடம் மிச்சம் இருக்கிற எல்லாவற்றையும் வைத்து இயங்குகிற ஒரு வடிவம் இது, அதனால்தான் இதை இவ்வளவு பிடிவாதமாகச் சொல்கிறேன்.

தமிழில் நமக்கு இன்னொரு வசதியும் உண்டு. நம் பழைய பாட்டுகளில் எதுகையும் மோனையும் அடியின் தொடக்கத்தில் வருகின்றன. முதல் அடியின் முதல் சீரில் இரண்டாம் எழுத்து எதுவோ அதுவே அடுத்த அடியின் முதல் சீரிலும் இரண்டாம் எழுத்தாக வந்து நிற்கும். மறதி நோயில் மிகவும் கஷ்டம் எது தெரியுமா, ஆரம்பிப்பது. வாக்கியத்தை முடிப்பதைவிடத் தொடங்குவதுதான் மலையாக இருக்கும். எதுகை அந்த இடத்தில்தான் கை கொடுக்கிறது. முதல் அடியை நீங்கள் சொல்லிவிட்டு, அடுத்த அடியின் முதல் எழுத்தை மட்டும் வாயை அசைத்துக் காட்டினால் போதும், பல சமயம் மீதி தானாக வந்து விழும். அமெரிக்கக் கவிஞர் கேரி கிளாஸ்னர் 1990களில் ஒரு முதியோர் பகல்நேர மையத்தில் இப்படி ஒன்றைப் பார்த்தார். தலை கவிழ்ந்து, சுற்றி நடப்பதில் கலந்துகொள்ளாமல் உட்கார்ந்திருந்த ஒருவர், சிறுவயதில் படித்த பாட்டின் முதல் அடி காதில் விழுந்ததும் நிமிர்ந்து அடுத்த அடியைச் சொன்னாராம். அதில் இருந்து பிறந்ததுதான் அவர் பின்னாளில் நடத்திய அல்சைமர் கவிதைத் திட்டம். அவர் முறை எளிது: கவிஞர் ஓர் அடி சொல்வார், எல்லோரும் சேர்ந்து அதைத் திருப்பிச் சொல்வார்கள். யாரையும் தனியாகக் கேட்பதில்லை, அதனால் யாரும் தோற்பதில்லை.

வீட்டில் செய்யும்போது எனக்குப் பலித்ததைச் சொல்கிறேன். டிவியை அணையுங்கள், ரேடியோவையும்தான். காது கேட்கும் கருவி இருந்தால் மாட்டியிருக்கிறதா, பேட்டரி இருக்கிறதா பாருங்கள், இதைச் செய்யாமல் "அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை" என்று சொன்ன எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். எதிரே, கண் மட்டத்துக்கு உட்காருங்கள். காலையில் செய்யுங்கள், பொழுது சாயும்போது நிறையப் பேருக்குக் குழப்பமும் பதற்றமும் கூடும், அந்த நேரத்தில் புதிதாக எதையும் தொடங்க வேண்டாம். பத்து வயதில் இருந்து முப்பது வயதுக்குள் அவர் நெஞ்சில் ஏறிய பாட்டுகளைத் தேர்ந்தெடுங்கள், அந்த வயதில் பதிந்தவைதான் எல்லோருக்கும் ஆழமாக நிற்கின்றன. அம்மாவின் பழைய தோழி, உடன்பிறந்தவர்கள் யாராவது இருந்தால் அவர் பள்ளிக்கூடத்தில் என்ன பாட்டு சொல்வார் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். கையைப் பிடித்துக்கொண்டு, உள்ளங்கையில் தாளம் தட்டி, ஓர் அடி சொல்லுங்கள். அப்புறம் காத்திருங்கள். நாம் காத்திருப்பதாக நினைத்துக்கொண்டு இரண்டு விநாடியில் வாயைத் திறந்துவிடுகிறோம். மனதுக்குள் பத்து எண்ணுங்கள். வந்தால் சேர்ந்து சொல்லுங்கள், வராவிட்டால் நீங்களே அடுத்த அடியைச் சொல்லிவிட்டு நகருங்கள், முகத்தில் ஏமாற்றம் காட்டாமல். அவர் இரண்டு பாட்டைக் கலந்து மூன்றாவதாக ஒன்றைச் சொன்னால் அதுதான் இன்றைய பாட்டு, திருத்தாதீர்கள். பாட்டு கேட்டு அவர் அழுதால் பயந்து நிறுத்திவிடவும் வேண்டாம், எல்லா அழுகையும் வலி இல்லை. ஆனால் ஒரு குறிப்பிட்ட பாட்டு திரும்பத் திரும்பப் பதற்றத்தைக் கொண்டுவருகிறது என்றால் அதை எடுத்து வைத்துவிடுங்கள், அதற்குப் பின்னால் நமக்குத் தெரியாத ஏதோ இருக்கலாம்.

இதில் அம்மா கேட்பவராகவும் சொல்பவராகவும் இருக்கிறார். ஆனால் அவர் எழுதுபவராகவும் இருக்க முடியும். இதைப் பலர் யோசிப்பதே இல்லை.

1901 நவம்பரில் ஃபிராங்க்ஃபர்ட் மனநல மருத்துவமனையில் 51 வயதுப் பெண் ஒருவரை ஒரு மருத்துவர் சந்தித்தார். அவர் பெயர் அலோயிஸ் அல்சைமர். அந்தப் பெண் ஆகுஸ்டே டேட்டர். அவரிடம் கேட்ட கேள்விகளையும் அவர் சொன்ன பதில்களையும் அல்சைமர் வார்த்தைக்கு வார்த்தை எழுதிவைத்தார். உங்கள் பெயரை எழுதுங்கள் என்றபோது "திருமதி" என்று எழுதிவிட்டு மீதியை மறந்து நின்றார் ஆகுஸ்டே. இடையில் அவர் சொன்ன ஒரு வாக்கியம் இன்றும் பேசப்படுகிறது: நான் என்னைத் தொலைத்துவிட்டேன். 1906இல் அவர் இறந்த பிறகு மூளையை ஆராய்ந்து அல்சைமர் வாசித்த அறிக்கைதான் நோய்க்குப் பெயர் வரக் காரணம் என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அந்தக் காகிதங்கள்தான் பெரிதாகத் தெரிகின்றன. இந்த நோயின் முதல் பதிவே, குழம்பிப்போன ஒருவர் சொன்னதை இன்னொருவர் மாற்றாமல் எழுதிவைத்ததுதான். அந்த ஒரு வாக்கியத்தைவிடச் சுருக்கமாக யார் இந்த நோயைச் சொல்லிவிட முடியும்?

பிரிட்டனில் ஜான் கில்லிக் என்ற கவிஞர் 1990களில் முதியோர் இல்லங்களில் இதையே தன் வேலையாக எடுத்துக்கொண்டார். மறதி நோயோடு வாழ்பவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் பேசுவதைக் கேட்டு எழுதி, தன் சொல் எதையும் சேர்க்காமல், வேண்டாததை விட்டு வேண்டியதை வரிபிரித்துக் கவிதையாக அமைப்பார். கவிதை அவர்களுடையது, கவிஞர் வெறும் எழுத்தர். நானும் அப்பாவிடம் இதைத்தான் செய்தேன், கில்லிக் பெயரைக்கூட அப்போது கேள்விப்பட்டதில்லை. தேவை ஏற்பட்டதால் செய்தேன். சொல் கிடைக்காதபோது அப்பா சுற்றி வளைத்து வேறு எதையாவது சொல்வார், அது சில சமயம் கேட்கிறவரை அப்படியே நிறுத்திவிடும். கடிகாரத்துக்குச் சொல் வரவில்லை, "சுவரில் நடக்கிறவர்" என்றார். கண்ணாடியை "அந்தப் பக்கத்து அறை" என்பார். இதை நான் அழகு என்று கொண்டாடச் சொல்லவில்லை, சொல்லைத் தேடித் தவிக்கிற அவர் கைகளைப் பார்த்திருக்கிறேன், அதில் அழகு எதுவும் இல்லை. ஆனால் அந்தத் தவிப்புக்குப் பிறகு அவர் கண்டுபிடித்துக் கொடுத்ததை, தப்பு என்று ஒதுக்காமல், எழுதி அவருக்கே படித்துக் காட்டியபோது அவர் தோள் இறங்கி நிதானமானதையும் பார்த்திருக்கிறேன். யாரோ தன்னைக் கேட்டிருக்கிறார்கள் என்று தெரிந்த முகம் அது.

ஒன்றைக் காட்டுகிறேன். அவர் சொன்னது, நான் வரி மட்டும் பிரித்தேன்.

வீட்டுக்குப் போகலாம்.
இதுதான் வீடு, தெரியும்.
தெரிந்தாலும்
போகலாம்.

வீட்டில் இருந்துகொண்டே வீட்டுக்குப் போகவேண்டும் என்று கேட்பது இந்த நோயில் எவ்வளவு சகஜம் என்று உங்களுக்குத் தெரியும். இருநூறு தடவை "இதுதான்பா வீடு" என்று பதில் சொல்லி அலுத்துப்போயிருந்தேன். எழுதி வரிபிரித்துப் பார்த்தபோதுதான் "தெரியும்" என்று அவர் சொன்னது காதில் விழுந்தது. அவர் முகவரி கேட்கவில்லை. அதற்குப் பிறகு நான் பதில் சொல்வதை விட்டுவிட்டு, "போகலாம்பா, யார் யார் இருப்பாங்க அங்கே?" என்று கேட்க ஆரம்பித்தேன். அந்த வீட்டைப் பற்றி அவர் பேசினார், பதற்றம் தணிந்தது. எழுதியதால் எனக்குக் கிடைத்த மிகப்பெரிய நடைமுறைப் பயன் இதுதான், கவிதை நன்றாக வந்ததா இல்லையா என்பதெல்லாம் அப்புறம்.

நீங்கள் எழுதுவதைப் பற்றிச் சொல்கிறேன்.

இறந்தவருக்காக இரங்கிப் பாடத் தமிழில் இடம் இருக்கிறது, பழைய இலக்கணம் அதற்குக் கையறுநிலை என்று ஒரு துறையே வைத்திருக்கிறது. எதிரே உட்கார்ந்து உங்களைப் பார்த்து "நீங்க யாரு" என்று கேட்கிறவருக்காக எந்தத் துறையில் பாடுவது? இந்த நிலைக்கு உளவியலில் பெயர் வைத்தவர் பாலின் பாஸ். வியட்நாம் போரில் காணாமல் போன வீரர்களின் குடும்பங்களை அவர் முதலில் ஆராய்ந்தார்: ஆள் இல்லை, ஆனால் மனதில் இருந்து இறக்கிவைக்க முடியவில்லை. பிறகு அதன் மறுபக்கமாக மறதி நோயைப் பார்த்தார்: ஆள் இருக்கிறார், ஆனால் நாம் அறிந்த அவர் இல்லை. தெளிவற்ற இழப்பு என்று அதைச் சொல்லலாம். அதில் துக்கம் முடிவதில்லை, ஏனென்றால் இழப்பே முடியவில்லை. "இருக்கிறார்" என்பதும் உண்மை, "போய்விட்டார்" என்பதும் உண்மை, இரண்டையும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளப் பழகுவதுதான் வழி என்கிறார் அவர். உறவினர்களிடம் பேசும்போது ஏதாவது ஒன்றைத்தான் சொல்ல முடிகிறது. "நல்லா இருக்காங்க" அல்லது "ரொம்பக் கஷ்டம்". கவிதையில் மட்டும்தான் அடுத்தடுத்த வரியில் இரண்டையும் சொல்லலாம், யாரும் விளக்கம் கேட்கமாட்டார்கள்.

அதனால் எழுதுங்கள், தப்பே இல்லை. அம்மாவின் துன்பத்தை நீங்கள் எடுத்துப் பயன்படுத்தவில்லை, நான்கு வருடமாக அதற்குள்ளேதான் நீங்களும் வாழ்கிறீர்கள்.

எழுதுவது உடம்புக்கும் மனதுக்கும் நல்லதா என்றால், அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வில் கல்லூரி மாணவர்களை நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம், தங்களை வாட்டிய நிகழ்ச்சியை எழுதச் சொன்னார். எழுதி முடித்த உடனே அவர்கள் மனம் கனத்துத்தான் போனது. பின்வந்த மாதங்களில் அவர்கள் மருத்துவரிடம் போவது குறைந்தது. அதற்குப் பிறகு வந்த எத்தனையோ ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் பலன் உண்டு, ஆனால் சிறியது என்கிறார்கள். சிறியதாகவே இருக்கட்டும். எழுதி முடித்த இரவு இன்னும் கனமாக இருக்கிறதே என்று நிறுத்திவிடாதீர்கள் என்பதற்காகத்தான் இதைச் சொன்னேன்.

நல்ல கவிதை எழுத முயற்சி பண்ண வேண்டாம். நிலா, கடல், அணைந்த விளக்கு, உதிர்ந்த இலை எதுவும் வேண்டாம். அவை எல்லோர் துக்கத்துக்கும் பொருந்துகிற வாடகை உடைகள். அம்மா இன்று சட்டைப் பொத்தானை எப்படிப் போட்டார், எந்த விரல் நடுங்கியது, என்ன வாக்கியம் சொன்னார், அதை எழுதுங்கள். தேதி போடுங்கள். களைத்துப்போன நாளில் ஒரே ஒரு வாக்கியம் போதும், அவர் சொன்னதாகவே இருக்கட்டும்.

ஒரு வடிவம் வேண்டும் என்றால் அந்தாதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் அடியின் முடிவு அடுத்த அடியின் தொடக்கமாக வர வேண்டும், கடைசிச் சொல் முதல் சொல்லோடு போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான் விதி. மனப்பாடம் செய்கிறவருக்கு அடுத்த அடியை எடுத்துக்கொடுக்க இதைவிடச் சிறந்த வழி கிடையாது, அது ஒரு பக்கம். மறதி நோயோடு ஒரு சாயங்காலம் எப்படிப் போகும் என்று யோசியுங்கள்: கேள்வி, பதில், பதிலில் இருந்து இன்னொரு கேள்வி, கடைசியில் முதல் கேள்வி. அந்தச் சுழற்சியில் நான் பைத்தியம் பிடிக்கிற அளவுக்குப் போயிருந்த ஒரு நாளில் இதை எழுதினேன்:

மணி என்ன என்று கேட்டார், சொன்னேன் நான்கு.
நான்கு பேர் வருவதாய்ச் சொன்னார்களே, திற கதவை.
கதவைத் திறந்தேன், வாசலில் வெயில்.
வெயில் போவதற்குள் வந்துவிடுவார்கள், இரு.
இரு என்றவர் பார்த்திருந்தார் வெகு நேரம்.
நேரம் ஆகிறதே, பார்த்துச் சொல் மணி.

சாதாரணமான வரிகள்தான். ஆனால் அதற்குப் பிறகு அந்தச் சுழற்சி வரும்போது எனக்கு மூச்சு முட்டுவது குறைந்தது. எங்கே போய் எங்கே திரும்பும் என்று தெரிந்த பாதையில் கூட நடப்பது மாதிரி இருந்தது.

கோபத்தையும் எழுதுங்கள். இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நிறையப் பேர் அன்பை மட்டும் எழுதிவிட்டு, மீதியை எங்கே வைப்பது என்று தெரியாமல் புழுங்குகிறார்கள். மலம் துடைத்த கையோடு நின்று அழுததை, "எப்போதுதான் இது முடியும்" என்று நினைத்ததை, நினைத்த உடனே தன்னையே வெறுத்ததை. பார்த்துக்கொள்கிற எல்லோருக்கும் அந்த எண்ணம் வந்திருக்கிறது. எனக்கும் வந்தது. அது காகிதத்தில் இருந்தால் குரலில் வராமல் இருக்கக் கொஞ்சம் வாய்ப்பு உண்டு. ஆனால் ஒரு எல்லை சொல்கிறேன். வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, எதிலும் ஈடுபாடு இல்லை, அம்மாவை அடித்துவிடுவோமோ என்று பயமாக இருக்கிறது, உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை, இதில் எது இருந்தாலும் அது கவிதைக்கான விஷயம் இல்லை, உடனே மருத்துவரைப் பாருங்கள், வீட்டில் இன்னொருவரைக் கூப்பிட்டுப் பொறுப்பைக் கொஞ்ச நாள் மாற்றுங்கள். பார்த்துக்கொள்பவர்களிடம் மனச்சோர்வு மிகவும் அதிகம், அதைத் தாங்கிக்கொள்வது கடமை என்று நினைப்பதால்தான் அது முற்றுகிறது.

எழுதியதை வெளியில் காட்டுவது வேறு கேள்வி, அதில் நான் கொஞ்சம் கறாரானவன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அம்மா நிதானமாக இருக்கிற நேரத்தில் அவர் சொல்லில் செய்த கவிதையைப் படித்துக் காட்டி, இதை மற்றவர்களுக்குக் காட்டலாமா என்று கேளுங்கள். பதில் சொல்லும் நிலை தாண்டிவிட்டால், நோய் வருவதற்கு முன்பு இருந்த அம்மா இதற்குத் தலையாட்டியிருப்பாரா என்று பாருங்கள். தன் உடம்பைப் பற்றி வெளியில் பேசக் கூசியவர் என்றால், அவர் உடம்பைப் பற்றி எழுதியது நோட்டிலேயே இருக்கட்டும். என்னிடம் மூன்று நோட்டு இருக்கிறது, அதில் முக்கால்வாசி யாரும் பார்த்ததில்லை.

அந்த உறுத்தலைப் பற்றி இன்னொன்று. அப்பா அச்சகத்தில் பிழை திருத்துபவராக இருந்தவர். நோய் முற்றிய பிறகும் கையில் பென்சிலைக் கொடுத்தால் செய்தித்தாளில் குறி போட்டுக்கொண்டிருப்பார், படித்துப் புரிந்து போட்டாரா என்றால் இல்லை, கை தானாகப் போட்டது. ஒரு நாள் என் நோட்டு அவர் பக்கத்தில் கிடந்தது. முந்தின இரவு "இன்று உங்களைக் கத்திவிட்டேன்" என்று ஒரு வரி எழுதி, வெட்கமாக இருந்ததால் அடித்துவிட்டிருந்தேன். அவர் அந்த வரிக்குக் கீழே வரிசையாகப் புள்ளி வைத்திருந்தார். பிழை திருத்துகிறவர்கள் பாஷையில் அடித்த வரிக்குக் கீழே புள்ளி வைத்தால், அடித்தது செல்லாது, வரி அப்படியே இருக்கட்டும் என்று பொருள். கை பழக்கம்தான், அவர் அதைப் படித்தார் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நான் அந்த வரியை மறுபடி அடிக்கவில்லை.

மூன்றாவது கேள்வி. பேச்சு நின்ற பிறகு.

பேச்சு நின்றாலும் காதும் தொடுதலும் கடைசிவரை பெரிய அளவில் இருக்கின்றன என்ற எண்ணத்தில்தான் நான் நடந்துகொண்டேன், உங்களையும் அப்படியே நடந்துகொள்ளச் சொல்கிறேன். இந்தக் கட்டத்தில் பாட்டின் பொருளைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். நீளமான பாட்டு வேண்டாம், இரண்டு மூன்று பாட்டு போதும், தினமும் அதே பாட்டு, அதே நேரம், அதே குரல். தாலாட்டு மாதிரி ஓசை திரும்பத் திரும்ப வருகிறதாக இருந்தால் நல்லது. மூச்சைப் பாருங்கள், உங்கள் வேகம் அவர் மூச்சுக்கு ஏற்றபடி இறங்கட்டும். புருவம், விரல், உதடு எதிலாவது ஏதாவது நடக்கும். நடக்காமலும் போகும். உடம்பைக் கழுவும்போது, புரட்டிப் படுக்கவைக்கும்போது பாட்டைச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள், அது அவருக்கு அடுத்து என்ன வருகிறது என்று சொல்லும் அறிகுறியாகிவிடுகிறது, உடம்பு இறுகுவது குறைகிறது. உங்கள் கைக்கும் நிதானம் வரும்.

அப்பாவின் கடைசி வாரங்களில் நான் தினமும் சொன்னது ஒரே பாட்டுதான், அவர் சிறுவனாக இருந்தபோது கற்றது. முதல் அடியைச் சொல்லிவிட்டு, பழக்கத்தில், வழக்கமான இடத்தில் நிறுத்துவேன். பத்து எண்ணுவேன். ஆரம்பத்தில் உதடு அசைந்தது, பிறகு கட்டைவிரல் என் உள்ளங்கையில் லேசாக அழுத்தியது, பிறகு அதுவும் இல்லை. ஆனாலும் அந்த இடத்தில் நிறுத்துவதை நான் விடவில்லை. அது அவருடைய இடம். பத்து எண்ணிவிட்டு, அடுத்த அடியை நான் சொன்னேன்.